காலேஜ் போனால் கருத்து மாறுமா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மூன்று அப்பாக்களுக்கு ஆளுக்கு 5 டாலர் அபராதம் போட்டார்கள். பிள்ளைகளை எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நிறுத்தியதுதான் குற்றம். மாநிலச் சட்டப்படி 16 வயது வரை பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும், இவர்கள் பிள்ளைகளுக்கு 14, 15 வயதுதான். அப்பாக்கள் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1972ல் தீர்ப்பு வந்தபோது அவர்கள்தான் ஜெயித்தார்கள்.

அவர்கள் ஆமிஷ் சமூகத்தவர்கள். இன்றைக்கும் குதிரை வண்டியில் போய்க்கொண்டு, எளிய உடை உடுத்திக்கொண்டு, பெரும்பாலும் விவசாயத்தையும் தச்சு வேலையையும் நம்பி வாழ்கிற கிறிஸ்தவர்கள். படிப்பே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியவேண்டும், பைபிள் வாசிக்கவேண்டும், பண்ணைக் கணக்கு பார்க்கவேண்டும், அதற்கு எட்டு வருஷம் போதும் என்றார்கள். அதற்குமேல் உயர்நிலைப் பள்ளியில் நடப்பதுதான் அவர்களுக்குப் பயம். அங்கே போட்டி இருக்கிறது, தனியாள் முன்னேற்றம் இருக்கிறது, வெளியுலகப் பிள்ளைகளோடு பழக்கம் வருகிறது. எந்த வயதில் ஒரு பிள்ளை ஆமிஷ் வாழ்க்கையில் ஊறவேண்டுமோ அதே வயதில் பள்ளி அதை வேறு பக்கம் இழுத்துவிடும் என்று வாதாடினார்கள்.

நான் இந்த வழக்கில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. "படித்தவர்கள் ஏன் தாராளவாதிகளாக இருக்கிறார்கள், படிக்காதவர்கள் ஏன் மரபுவாதிகளாக இருக்கிறார்கள்" என்று கேட்டால், படித்தவர்கள் உடனே சொல்கிற பதில், "விஷயம் தெரிந்தால் மனசு விரியும்" என்பது. (படித்தவர்களுக்கு இதில் ஒரு சந்தோஷமும் உண்டு.) ஆமிஷ் அப்பாக்களோ பாடப்புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட பிள்ளை யாரோடு உட்காரப் போகிறது, அங்கே எதற்குக் கைதட்டு கிடைக்கும் என்பதைத்தான் பார்த்தார்கள். எனக்கு அவர்கள் பார்வைதான் சரியான இடத்தைத் தொட்டதாகப் படுகிறது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் வார்த்தைகள். லிபரல் என்பதைத் தாராளவாதி என்கிறோம், கன்சர்வேடிவ் என்பதைப் பழமைவாதி என்கிறோம். தமிழில் இரண்டாவது சொல் கொஞ்சம் திட்டு மாதிரி ஒலிக்கிறது, அதனால் இங்கே மரபுவாதி என்றே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், தனிமனிதர் தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கலாம், பழைய ஏற்பாடுகளைக் கேள்வி கேட்கலாம் என்பது ஒரு மனநிலை. குடும்பம், மதம், தேசம், மூத்தோர் சொல் எல்லாம் நம் முன்னோர் காரணத்தோடு கட்டியவை, அவசரப்பட்டுப் பிரிக்கக்கூடாது என்பது இன்னொன்று.

இதில் பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. தாராளம், மரபு என்பது ஒரே அளவுகோல் கிடையாது, குறைந்தது இரண்டு. ஒன்று பொருளாதாரம்: வரி எவ்வளவு, அரசு எவ்வளவு செலவு செய்யலாம், தொழிற்சங்கம் வேண்டுமா. மற்றது சமூகம்: யார் யாரைக் கல்யாணம் செய்யலாம், மதத்துக்குப் பொதுவாழ்வில் என்ன இடம், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை என்ன செய்வது, பிள்ளை கீழ்ப்படியவேண்டுமா கேள்வி கேட்கவேண்டுமா. படிப்பு இந்த இரண்டையும் ஒரே திசையில் தள்ளுவதில்லை. பட்டம் வாங்கினால் பொதுவாகச் சம்பளம் கூடும், சம்பளம் கூடினால் வரி கசக்கும். அதே ஆள் பக்கத்து வீட்டில் இரண்டு ஆண்கள் குடித்தனம் நடத்தினால் கண்டுகொள்ளமாட்டார். "படித்தவன் இடதுசாரி" என்ற பேச்சு பாதிதான் உண்மையாவது இதனால்தான், அந்தப் பாதியும் சமூக மதிப்பீடுகள் பக்கம் இருக்கிற பாதி.

அந்தப் பாதிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1954ல், அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்தபோது, சாமுவேல் ஸ்டவ்ஃபர் என்ற சமூகவியலாளர் கிட்டத்தட்ட 5,000 பேரைப் பேட்டி எடுக்க வைத்தார். உங்கள் ஊரில் ஒரு நாத்திகர் மேடையேறிப் பேசலாமா, கம்யூனிஸ்ட் எழுதிய புத்தகம் நூலகத்தில் இருக்கலாமா என்பது மாதிரியான கேள்விகள். படிப்பு கூடக்கூட "பேசட்டும், இருக்கட்டும்" என்கிறவர்களும் கூடினார்கள். அதற்குப் பிறகு எடுத்த எத்தனையோ கணக்கெடுப்புகளிலும் இந்தத் தொடர்பு ஏறக்குறைய இப்படியேதான் வந்திருக்கிறது.

சரி, ஏன்? 1993ல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜோனதன் ஹைட் என்ற உளவியலாளரும் இரண்டு பிரேசில் ஆய்வாளர்களும் சேர்ந்து, பிரேசிலின் ரெசிஃபே, போர்ட்டோ அலெக்ரே, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா என்ற மூன்று ஊர்களில் மக்களிடம் சின்னச் சின்னக் கதைகள் சொன்னார்கள். ஒரு வீட்டு நாய் கார் மோதிச் செத்துவிடுகிறது, நாய்க்கறி ருசியாக இருக்கும் என்று கேள்விப்பட்ட அந்தக் குடும்பம் அதைச் சமைத்துச் சாப்பிட்டுவிடுகிறது, யாரும் பார்க்கவில்லை. ஒரு பெண் பழைய தேசியக் கொடியை வெட்டிக் கழிவறை துடைக்கிறாள், அதையும் யாரும் பார்க்கவில்லை. இது தப்பா? தடுக்கவேண்டுமா?

வசதியும் படிப்பும் உள்ளவர்கள், அதிலும் ஃபிலடெல்ஃபியாவில், சொன்னது ஏறக்குறைய இப்படி: அருவருப்பாக இருக்கிறது, ஆனால் யாருக்கும் நஷ்டமில்லையே, அது அவர்கள் பாடு. வசதி குறைந்தவர்கள் சொன்னது: தப்பு, தடுக்கவேண்டும், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது. நாட்டுக்கு நாடு இருந்த வித்தியாசத்தைவிட வர்க்கத்துக்கு வர்க்கம் இருந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது. ஃபிலடெல்ஃபியாவின் ஏழைக்கும் அதே ஊர்ப் பட்டதாரிக்கும் நடுவில்தான் பெரிய பள்ளம் கிடந்தது.

இங்கே இரண்டு தரப்பிலும் ஒழுக்கம் இருக்கிறது. "யாருக்கு அடி படுகிறது" என்ற ஒரே கேள்வியை வைத்துத் தப்பு ரைட்டு சொல்கிறவர் ஒரு தரப்பு. மரியாதை, புனிதம், விசுவாசம் ஆகியவற்றையும் தராசில் வைக்கிறவர் மற்ற தரப்பு. பின்னவரை நமக்கு நன்றாகத் தெரியும்: புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழக்கத்துக்கு "யாருக்கு நஷ்டம்" என்ற கணக்கில் பதிலே கிடையாது, ஆனாலும் பி.எச்டி வாங்கியவர்களும் ஒற்றிக்கொள்கிறார்கள், நானும்தான். பல்கலைக்கழகம் தருகிற பயிற்சி பெரும்பாலும் முதல் கேள்விக்கான பயிற்சி. "காரணம் சொல், ஆதாரம் காட்டு, அப்பா சொன்னார் என்பது ஆதாரமாகாது."

வேலையும் இதில் சேர்ந்துகொள்கிறது. மெல்வின் கோன் என்ற சமூகவியலாளர் 1960களில் பெற்றோர்களைப் பற்றி எழுதியது என்னவென்றால், தங்கள் வேலை தங்களிடம் எதை எதிர்பார்க்கிறதோ அதையே அவர்கள் பிள்ளையிடமும் எதிர்பார்க்கிறார்கள். மேற்பார்வையாளர் தலைக்குமேல் நின்றுகொண்டு, சொன்னதைச் சொன்னபடி செய்யவேண்டிய வேலை என்றால், கீழ்ப்படிதல்தான் பிழைக்கும் வழி, அதையே பிள்ளைக்கும் சொல்லித்தருவார்கள். தானே முடிவெடுக்கிற வேலையில் இருப்பவர் "நீயா யோசி" என்பார். இப்படிப் பார்த்தால் தொழிலாளி வீட்டுக் கண்டிப்பு அறியாமையில் வருவதில்லை, அனுபவத்தில் வருகிறது.

இப்போது ஆமிஷ் அப்பாக்களிடம் திரும்பலாம், அதாவது யாரோடு உட்காருகிறாய் என்ற விஷயத்துக்கு. இதற்கு மிகச் சிறந்த சாட்சி வெர்மான்ட் மாநிலத்தில் 1932ல் திறந்த பென்னிங்டன் என்ற பெண்கள் கல்லூரி. அப்போது கட்டணம் அதிகம், சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பணக்கார மரபுவாதக் குடும்பத்துப் பெண்கள். ஆசிரியர்களோ இளவயதுக்காரர்கள், பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த அரசுத் திட்டங்களை ஆதரித்தவர்கள். அங்கே பாடம் நடத்திய தியோடர் நியூகோம் மாணவிகளை வருஷக்கணக்கில் கவனித்தார்.

1936 தேர்தலில் குடியரசுக் கட்சியின் லேண்டன், ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட், அப்புறம் சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் வேட்பாளர்கள். மாணவிகளின் பெற்றோரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் லேண்டன் பக்கம். முதலாண்டு மாணவிகளில் 62 சதவீதம் லேண்டன், அப்பா அம்மா சொன்னபடிதான். இரண்டாம் ஆண்டில் 43 சதவீதம். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகளில் வெறும் 15 சதவீதம், அவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் ரூஸ்வெல்ட்டையும் தாண்டி சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் பக்கம் போயிருந்தார்கள்! இவர்கள் ஒரே பெண்கள் வருஷா வருஷம் மாறிய கணக்கல்ல, ஒரே நேரத்தில் வெவ்வேறு ஆண்டில் படித்தவர்கள். இருந்தாலும் சரிவு எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது பாருங்கள்.

காரணம் பாடத்திட்டமா? நியூகோம் கண்டது வேறு. அந்தக் கல்லூரியில் மதிப்பு, தலைமைப் பொறுப்பு, தோழிகள் மத்தியில் பெயர் எல்லாம் தாராளவாதக் கருத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அங்கே ஒரு ஆளாக ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் மாறினார்கள். மாறாதவர்கள் யார் என்று பார்த்தால், வீட்டோடு கயிறு அறுக்காதவர்கள், அல்லது தங்களுக்கென்று ஒரு சின்ன வட்டம் வைத்துக்கொண்டு கல்லூரியின் பொது வாழ்க்கையில் கலக்காதவர்கள்.

ஊருக்குத் திரும்பியதும் பழையபடி ஆகிவிட்டார்களா? இல்லை. 1960களில் நியூகோம் அதே பெண்களைத் தேடிப் போனபோது பெரும்பாலானவர்கள் இன்னும் தாராளவாதிகளாகவே இருந்தார்கள். 1984ல், குடியரசுக் கட்சியின் ரீகன் 50ல் 49 மாநிலங்களை வாரிக்கொண்ட தேர்தலில், தாத்தா பாட்டி வயதுக்கு வந்துவிட்ட அந்த பென்னிங்டன் பெண்களில் பெரும்பான்மையினர் எதிரில் நின்ற ஜனநாயகக் கட்சியின் மாண்டேலைத்தான் ஆதரித்தார்கள். கல்லூரியில் ஏதோ ஊசி போட்டதுபோல நினைக்கவேண்டாம். படித்து முடித்தபின் தங்களுக்கு ஒத்த கணவர், ஒத்த நண்பர்கள் என்று தேர்ந்துகொண்டார்கள், அந்த வட்டம் கருத்தைக் காத்துக்கொடுத்தது. மரபுவாதக் கணவரைக் கட்டி மரபுவாத வட்டத்துக்குள் போனவர்களிடம் பழைய கருத்து திரும்பியதும் உண்டு.

எதிர்த்திசைக்கும் உதாரணம் வேண்டும், இல்லாவிட்டால் கல்லூரி என்றாலே தாராளவாதம் என்று ஆகிவிடும். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933 ஜனவரியில். அதற்கு முன்பே, 1931லேயே, நாடு தழுவிய மாணவர் அமைப்பின் தலைமை நாஜி மாணவர் கழகத்தின் கைக்குப் போய்விட்டது. 1933 மே 10 அன்று பல்கலைக்கழக ஊர்களில் புத்தகங்களைக் குவித்து எரித்தார்களே, அதை முன்னின்று நடத்தியது மாணவர்கள். அன்றைக்கு உலகத்திலேயே பெரிதாக மதிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். அங்கே வளாகத்தில் கைதட்டு கிடைத்த திசை அது.

இன்னொரு சந்தேகமும் நியாயமானது. கல்லூரி ஆளை மாற்றுகிறதா, இல்லை ஏற்கெனவே அந்த மனநிலை உள்ளவர்கள்தான் கல்லூரிக்குப் போகிறார்களா? சுவிட்சர்லாந்தில் ஒரே ஆட்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கேள்வி கேட்ட தரவை 2015ல் அலசியபோது, வெளிநாட்டவர் பற்றிய பார்வையில் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி படித்து முடிக்கும் முன்பே இருந்த வித்தியாசம் என்று தெரிந்தது. வீடு, வளர்ப்பு, ஊர் எல்லாம் முதலிலேயே ஒருவரைப் பிரித்து வைத்துவிடுகின்றன. கல்லூரிக்கு ஒரு பங்கு உண்டு, பேசப்படுகிற அளவுக்கு இல்லை என்பது என் கணிப்பு.

இதெல்லாம் மனசுக்குள் நடப்பது. ஓட்டுப்பெட்டிக்குள் வந்ததோ ரொம்பத் தாமதமாகத்தான். 1950களில் அமெரிக்காவில் பட்டதாரிகள் குடியரசுக் கட்சிக்கு, அதாவது வலதுபக்கக் கட்சிக்கு, ஓட்டுப்போட்டார்கள். தொழிலாளிகள் ஜனநாயகக் கட்சிக்கு. பிரிட்டனிலும் பிரான்ஸிலும் இதே கதைதான், இடதுசாரிக் கட்சி என்றால் அது குறைவாகப் படித்தவர்களின் கட்சி. அப்போது தேர்தல்களில் பெரிதாக அடிபட்டது கூலி, வரி, வீடு, மருத்துவம், ஆகவே பட்டதாரி தன் பையைப் பார்த்து ஓட்டுப்போட்டார். அவருடைய சமூகத் தாராளம் தேர்தலில் எங்கும் பயன்படவில்லை.

அப்புறம் இரண்டு விஷயங்கள் நடந்தன. பட்டதாரிகள் பெருகினார்கள்: 1940ல் அமெரிக்காவில் 25 வயது தாண்டியவர்களில் பட்டம் வாங்கியவர்கள் சுமார் 5 சதவீதம், 2022ல் ஏறக்குறைய 38 சதவீதம். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அரசே கல்லூரிக் கட்டணம் கட்டிய 1944ஆம் ஆண்டுச் சட்டம் இதில் முதல் பெரிய தள்ளு. அதோடு, தேர்தலில் பேசப்படும் பொருளும் மாறியது. கறுப்பின மக்களின் உரிமை, கருக்கலைப்பு, பெண்ணுரிமை, குடியேற்றம், சுற்றுச்சூழல் என்று சமூகக் கேள்விகள் முன்னுக்கு வந்தன. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, சங்கங்கள் தேய்ந்தன, இடதுசாரிக் கட்சிகளின் மேடையில் வக்கீல்களும் பேராசிரியர்களும் அதிகமானார்கள். தொழிலாளி அந்த மேடையை நிமிர்ந்து பார்த்தபோது தன் சாயலில் யாரும் இல்லை.

2016ல் பள்ளம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வாய் பிளந்தது. பியூ ஆய்வு மையத்தின் கணக்கில், வெள்ளையினப் பட்டதாரிகளில் 55 சதவீதம் ஹிலாரி கிளின்டனுக்கும் 38 சதவீதம் டிரம்புக்கும் ஓட்டுப்போட்டிருந்தார்கள். பட்டம் இல்லாத வெள்ளையினத்தவரில் 64 சதவீதம் டிரம்புக்கு, 28 சதவீதம் கிளின்டனுக்கு. அதே ஆண்டு பிரிட்டனில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் வாக்கெடுப்பில், யூகவ் நிறுவனத்தின் கணக்குப்படி, பட்டதாரிகளில் 68 சதவீதம் பேர் இருப்போம் என்றார்கள், பத்தாம் வகுப்பு அளவிலோ அதற்குக் கீழோ நின்றவர்களில் 70 சதவீதம் பேர் விலகுவோம் என்றார்கள்.

இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு பிரெஞ்சுப் பொருளியலாளர் தாமஸ் பிக்கெட்டி 2018ல் ஒரு பெயர் வைத்தார். படித்தவர்களின் கட்சியாகிவிட்ட இடதுசாரிக்கு "பிராமண இடது", பணக்காரர்களின் கட்சியாகவே இருந்த வலதுசாரிக்கு "வணிக வலது". அறிவை முதலாக வைத்திருக்கும் மேல்தட்டு ஒன்று, பணத்தை முதலாக வைத்திருக்கும் மேல்தட்டு இன்னொன்று, இரண்டு கட்சிகளும் இரண்டு மேல்தட்டுகளின் கட்சிகள், உழைக்கிறவருக்கு யாருமில்லை என்பது அவர் வாதம். பாரிஸில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொல்லை உவமையாக எடுத்துவிட்டார். தமிழ்நாட்டில் உட்கார்ந்து அந்தச் சொல்லைப் படிக்கிறவருக்கு ஒரு நிமிஷம் தலை சுற்றும். ஆனால் அவர் சொல்ல வந்தது, படிப்பும் ஒருவகைச் சொத்து, சொத்துக்காரர்களிடம் உள்ள மிதப்பு படித்தவர்களிடமும் வரும் என்பது. அதை நம்மூரில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

"விஷயம் தெரிந்தால் மனசு மாறும்" என்ற நம்பிக்கைக்கு இன்னும் ஒரு இடி பாக்கி. பூமி சூடாவது பற்றி அமெரிக்கர்களிடம் கேட்டால், ஜனநாயகக் கட்சிக்காரர்களில் படிப்பு கூடக்கூடக் கவலை கூடுகிறது. குடியரசுக் கட்சிக்காரர்களில் அப்படிக் கூடுவதில்லை. அதிகம் படித்தவர்களுக்குள்தான் இரண்டு கட்சிக்கும் இடைவெளி அதிகம். படிப்பு ஒருவருக்கு வாதத் திறமையைத் தருகிறது, அந்தத் திறமையை அவர் எந்தப் பக்கத்துக்கு வக்கீலாக இருந்து செலவு செய்வார் என்பதை அவருடைய கூட்டம் தீர்மானிக்கிறது.

மறுபக்கம், பட்டமே இல்லாமலும் ஊர் மொத்தமும் மாறும். 1958ல் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்கர்களிடம் கறுப்பர் வெள்ளையர் திருமணத்தை ஏற்கிறீர்களா என்று கேட்டபோது ஏற்றவர்கள் 4 சதவீதம். 2021ல் 94 சதவீதம். 2021ல் பட்டம் வாங்கியிருந்தவர்கள் பத்தில் நான்கு பேர்கூட இல்லை என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். 1958ன் தாராளவாதி சொன்னதை இன்றைய மரபுவாதி சாதாரணமாகச் சொல்கிறார், இது எப்போது யார் வழியாக இறங்கியது என்பது கல்லூரிச் சான்றிதழ்களில் பதிவாகாது.

நம் பக்கமும் ஒரு பார்வை பார்க்கலாம், கல்யாணம் என்று பேச்சு வந்துவிட்டதால். "மணமகள் தேவை" பக்கத்தைப் புரட்டினால் எம்.இ., எம்.எஸ்., அமெரிக்கச் சம்பளம் எல்லாம் வரிசையாக இருக்கும், பக்கத்திலேயே சாதியும் உட்பிரிவும் நட்சத்திரமும் இருக்கும். பட்டம் கூடினால் சாதிக்கட்டு தளரும் என்று நாம் நினைத்தது நடந்ததா? டெல்லியில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழக ஆய்வாளர்கள், 2011-12ல் நாடு முழுக்க எடுத்த ஒரு பெரிய குடும்பக் கணக்கெடுப்பை வைத்து இதைப் பார்த்தார்கள். சாதி மாறி நடந்த திருமணங்கள் 6 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. மாப்பிள்ளை எவ்வளவு படித்திருக்கிறார், பெண் எவ்வளவு படித்திருக்கிறார் என்பதற்கும் அந்தத் திருமணம் சாதி மாறி நடப்பதற்கும் குறிப்பிடும்படி தொடர்பே இல்லை. தொடர்பு தெரிந்தது ஒரே ஒருவருடைய படிப்பில். அது மாப்பிள்ளையின் அம்மா.

முதலில் படித்தபோது விநோதமாக இருந்தது. யோசித்தால் அப்படியொன்றும் இல்லை. நம் வீடுகளில் பெரும்பாலான கல்யாணங்களைப் பையனா முடிவு செய்கிறான்? ஜாதகக் கட்டை விரித்து, வந்த போட்டோக்களை எடுத்து ஓரமாகவும் மேலேயும் வைக்கிறவர் யாரோ, அவர் எத்தனாவது வரை பள்ளிக்குப் போனார் என்றுதான் கேட்டிருக்கவேண்டும்.